நையாண்டி மேளமும் நகரத்து மேடையும்

மதுரை வட்டாரத்து நையாண்டி மேளக் குழு, வழக்குப் பேச்சில் ஒரு ‘செட்’. இரண்டு நாகசுரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு, தாளம் ஆகியவை அதன் பொதுவான அமைப்பு. சில செட்டுகளில் உறுமியும் உண்டு. கரகாட்டம், காவடியாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் இந்த மேளத்தை நம்பியே நடக்கின்றன. ஆட்டக்காரரின் காலைப் பார்த்துத் தவில் நடையை மாற்றுகிறது. தவிலைக் கேட்டு ஆட்டக்காரர் அடவை மாற்றுகிறார்.

இந்தக் கலைஞர்களின் வருமானம் கோயில் திருவிழாக்களில் இருக்கிறது. மாசி தொடங்கி ஆடி வரை கொடை, பொங்கல், பூக்குழி என்று ஊர் ஊராக அழைப்பு வரும். தை மாதத்தில் அவர்களில் ஒரு பகுதியினரைச் சென்னை அழைக்கிறது. 2007 பொங்கலில் தொடங்கிய ‘சென்னை சங்கமம்’ கலை விழா சில ஆண்டுகளில் நின்றுபோய், 2023இல் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரும் சேர்ந்து அரசின் கலை பண்பாட்டுத் துறையால் மீண்டும் நடத்தப்பட்டது. பொங்கலை ஒட்டிய நாட்களில் பூங்கா, கடற்கரை, விளையாட்டுத் திடல் எனப் பல இடங்களில் மாலை நிகழ்ச்சிகள் நடக்கின்றன.

செட்டுகள் மதுரையில் கூடிச் சென்னைக்குப் புறப்பட வசதியான இடம் காளவாசல். தேனி சாலையும் பைபாஸ் சாலையும் சந்திக்கும் இங்கே உசிலம்பட்டி, செக்கானூரணிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கலாம். நான் அங்கே பார்த்த செட்டில் எல்லோரும் ஓர் ஊர்க்காரர்கள் அல்ல. ஆளுக்கொரு கிராமத்திலிருந்து வந்து மேம்பாலத்தின் அருகே கூடினார்கள். தவில் உறைகளை வேனில் ஏற்றும்போது வயதில் மூத்த தவில்காரர், “அண்ணே, மேல எதையும் வச்சிராதீங்க” என்று டிரைவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். சட்டைப் பையிலிருந்த சிறு டப்பாவில் அவருடைய விரல் கூடுகள் இருந்தன. துணியைப் பசையில் நனைத்து விரலில் சுற்றி, கல்லாகக் காயவைத்தவை. தவிலின் வலது முகத்தை இந்தக் கூடுகள் அணிந்த விரல்களும் இடது முகத்தைக் கையிலுள்ள குச்சியும் பேச வைக்கின்றன. நாகசுரக்காரரின் உறையில் சீவாளிகள் தனியே கட்டப்பட்டிருந்தன. நாணலில் செய்த இந்தச் சீவாளியை வாயில் வைத்து ஈரமாக்கி, பதம் வந்த பிறகே ஊத முடியும்.

சென்னையில் முதல் சோதனை காற்றுதான். கடற்கரை ஈரத்தில் தோல் தளரும். ஊரில் பறை போன்ற தோல் கருவிகளைச் சருகு கொளுத்திக் காய்ச்சி முறுக்கேற்றிவிடலாம். பூங்காவில் நெருப்பு மூட்ட இடம் தேட வேண்டும்.

இரண்டாவது சோதனை நேரம். கிராமத்தில் ஆட்டம் இரவில் தொடங்கி விடிய விடிய நடக்கும். முதலில் கீர்த்தனை, பிறகு நாட்டுப்புற மெட்டு, நள்ளிரவுக்கு மேல் சினிமாப் பாட்டு, இடையிடையே தவில்காரர்களின் போட்டி என்று கூட்டத்தின் மனம் அறிந்து மேளம் நகரும். நகரத்து மேடையில் அரை மணி நேரம் கிடைத்தாலே அதிகம். எனவே செட்டுக்காரர்கள் கீர்த்தனையைச் சில வரிகளோடு முடித்து, வேக நடைக்கு உடனே வருகிறார்கள். கைதட்டல் குறைவதில்லை. ஆனால் மெல்ல ஏறி உச்சிக்குப் போகும் வித்தை இதில் அடிபடுகிறது.

மூன்றாவது மைக். நாகசுரமும் தவிலும் திறந்தவெளிக்கென்றே உருவானவை. நாகசுரத்துக்கு மைக்கைச் சற்று எட்டத்தில் வைக்க வேண்டும். தவிலுக்கு இரு பக்கமும் தனித்தனி மைக் வேண்டும். ஒரே மைக்கில் சமாளித்தால் இடது முகத்தின் ஆழ்ந்த ஒலி மறைந்து சொற்கட்டு பாதியாகிறது. ஒலியமைப்பாளர் பத்து நிமிடம் முன்னதாகச் செட்டோடு உட்கார்ந்து கேட்டாலே இது தீரும்.

இந்த விழாவின் பெரிய லாபம் சந்திப்பு. தெருக்கூத்து, தேவராட்டம், ஒயிலாட்டம், பறை எனப் பல மாவட்டக் கலைஞர்கள் ஒன்றாகத் தங்கிச் சாப்பிடுகிறார்கள். நடைகளும் தொலைபேசி எண்களும் கைமாறுகின்றன. மதுரை மண்ணின் கலைக்கு மரியாதை கிடைத்துவருவதற்குச் சான்றுகள் உண்டு. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் ஒலித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரம். மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

மரியாதை பிழைப்பாக மாற வேண்டும். மதுரை அரசு இசைக் கல்லூரியில் நாகசுரமும் தவிலும் கற்கலாம். பம்பையும் தமுக்கும் பெரும்பாலும் செட்டுக்குள்தான், மூத்தவர் கையைப் பார்த்துத்தான் கற்க வேண்டும். எனவே செட் கலைந்தால் பாடமும் கலையும். விழா நடத்துவோர் செய்யக்கூடியவை எளியவை: சம்பளத்தை நிகழ்ச்சி முடிந்த கையோடு தருவது, பயணச் செலவைத் தனியாகக் கொடுப்பது, விழாவில் ஓர் இரவையாவது ஒரே செட்டுக்கு முழுதாக ஒதுக்குவது. அப்போதுதான் நகரம் நையாண்டி மேளத்தை அதன் முழு அளவில் கேட்கும்.