எதிர்வசனம்

2018-ஆம் ஆண்டின் ரமலான் கோடையின் உச்சியில், மே மாத நடுவில் பிறந்தது. அவ்வாண்டு தராவீஹ் முடிந்து வீடு திரும்பியபின் நான் செய்துவந்த வேலையை எங்கள் மஹல்லாவில் சொன்னால் நம்புவோர் குறைவு. ஜவுளிக்கடை நடத்தும், ஐம்பதைக் கடந்த நான், கூடத்துப் பாயில் அமர்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, முகலாய மன்னர்களின் வசனங்களை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். எதிரே என் மகள் நின்றிருப்பாள். அவள் ஜஹானாரா.

இளங்கலை இறுதியாண்டில் அவள் கல்லூரி நாடகமொன்றில் நடித்தாள். பெண்கள் மட்டுமே கூடிய அவை அது; நான் பார்க்கவில்லை. தேர்வுகள் முடிந்தபின் ஒருநாள், பல்கலைக்கழகத்தில் நாடகக் கலை பயில விரும்புவதாகவும், விண்ணப்பம் அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். "வேண்டாம்" என்றேன். அந்த ஒரு சொல்லுக்குமேல் எனக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"காரணம் சொல்லுங்கள் வாப்பா" என்றாள்.

காரணங்களுக்கா பஞ்சம்? ஆணும் பெண்ணும் கலந்து பயிலும் இடம். தொட்டு நடிக்கச் சொல்வார்கள். முக்காட்டைக் களையச் சொல்வார்கள். நாளை இவளுக்கு மாப்பிள்ளை பார்க்கையில் என்ன சொல்வது? நடிப்பு கூடுமா கூடாதா என்பதில் ஆலிம்களிடையே ஒரே கருத்து இல்லை என்பதையும் நான் அறிவேன். ஆனால் அன்று என்னைத் தடுத்தது ஃபத்வா அன்று; ஊரார் வாய்தான். இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவளும் சும்மா இருக்கவில்லை. தேசிய நாடகப் பள்ளியை 1962 முதல் 1977 வரை தலைமையேற்று நடத்திய இப்ராஹிம் அல்காஸியைச் சொன்னாள். இராஜநாயகம் பாடிய நம் வண்ணக்களஞ்சியப் புலவரே அலிபாதுஷா நாடகத்தையும் இயற்றியவர் என்றாள். "அவர்களெல்லாம் ஆண்கள்" என்றேன். அவள் முகம் வாடியது. அந்த வாதத்தில் வென்றது நான்தான். ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் அவளே ஓர் உடன்பாட்டோடு வந்தாள். "நேர்முகத்துக்கு ஆயத்தமாக மட்டும் துணையிருங்கள். முடிவு வந்தபின்னும் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன்." ஒப்புக்கொண்டேன். எப்படியும் தேறமாட்டாள், ஆசையும் அத்தோடு தீரும் என்பது என் கணக்கு. மகள் தோற்கட்டும் என்று எண்ணிக்கொண்டே அவளுக்குத் துணைநின்ற தந்தை நான்.

தேர்வாளர் முன்னிலையில் மூன்று நிமிடத்துக்கு மிகாமல் ஒரு பகுதியை நடித்துக்காட்ட வேண்டும் என்றிருந்தது. இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகத்திலிருந்து ஜஹானாரா பேசும் பகுதியை அவள் தேர்ந்துகொண்டாள். மூன்று நிமிடத்தை மனனம் செய்தால் போதுமே என்றேன். முழு நாடகத்தையும் அறியாதவர் நடிப்பது அங்கே உடனே தெரிந்துவிடும் என்றாள். ஆக, ஷாஜஹான், தாரா, ஔரங்கசீப் என்று ஆண்கள் பேசுவதையெல்லாம் படிக்கும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

முதல் வாரம் முழுவதும் எந்த உணர்ச்சியும் கலவாமல், கடைக் கணக்கு வாசிப்பதுபோல் வாசிக்கச் செய்தாள். தொடக்கத்திலேயே அழுகையையும் சினத்தையும் ஏற்றிவிட்டால் வசனம் அந்த ஓசையிலேயே இறுகிவிடுமாம். பிறகு மாற்றச் சொன்னால் மாற்ற வராதாம். பகலில் நோன்பு; குரலுக்கு ஓய்வு. தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்து, அது ஏறி இறங்குமாறு மூச்சை இழுத்து விடுவாள். மார்பு மட்டும் உயர்ந்தால் அது அரைமூச்சு. வாக்கியத்தின் கடைசிச் சொல் பாதியில் செத்துவிடும். நோன்பு திறந்து, கஞ்சி உண்டு, வெந்நீர் பருகியபின்தான் குரல் எழுப்புவாள்.

அவள் சொற்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுவதைக் கண்டு வியந்து கேட்டேன். "ஓதும்பள்ளியில் உஸ்தாத்பி கற்றுத்தந்ததுதான் வாப்பா" என்றாள். எழுத்து பிறக்கும் இடமறிந்து ஒலிப்பதும், பொருள் முடியுமிடத்தில் நிறுத்துவதும், மூச்சு எங்கே தீருமென்று முன்கூட்டியே அறிந்து ஓதுவதும் ஏழு வயதிலிருந்து அவளுக்குப் பழக்கம். தவறான இடத்தில் நிறுத்தினால் பொருளே திரிந்துவிடும் என்பதை மத்ரஸாவில் பயின்ற பிள்ளைக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடக நூலிலும் அவள் நிறுத்தங்களைப் பென்சிலால் குறித்திருந்தாள். முஸ்ஹஃபில் காணும் மீமும் ஜீமும் வரிகளுக்குமேல் சிறிதாக நின்றன. எனக்குச் சுருக்கென்றது. "இவற்றை இதில் போடாதே மகளே" என்றேன். மறுபேச்சின்றி எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெறுங்கோடுகள் இழைத்தாள். அந்த ஒரு செயல், அவளுடைய முந்தைய வாதங்கள் அத்தனையையும்விட என்னை அசைத்தது.

ஓரிரவு ஷாஜஹானாக நான் சினந்து பேசியது தெருவரை கேட்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாமி பதறிக் கதவைத் தட்டினார். "நோன்பு மாதத்தில் பெண்பிள்ளையை இப்படி ஏசலாமா?" என்று என்னைக் கண்டித்தார். என் மனைவி சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடிவிட்டாள். உண்மையைச் சொன்னால் ஊர் அறியும். சொல்லாவிட்டால் நான் கொடியவன். கொடியவனாகவே இருந்துவிட்டேன்.

நூலைப் படிக்கப் படிக்க, வரலாற்றில் அந்தப் பெண்ணின் கதை என்ன என்று தேடிச் சொன்னாள். 1658-இல் ஷாஜஹான் ஆக்ரா கோட்டையில் சிறைவைக்கப்பட்டபோது ஜஹானாராவும் தந்தையோடு உள்ளே தங்கிவிட்டார். 1666-இல் அவர் மறையும்வரை உடனிருந்தார். அஜ்மீரின் குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி அவர்களின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதியவரும் அவரே. டெல்லி நிஜாமுத்தீன் தர்காவின் வளாகத்தில் அவருடைய கப்ர் இருக்கிறது. மேலே கூரை கிடையாது, கல்லால் மூடாமல் புல் வளரவிட்டிருக்கிறார்கள். சரக்கெடுக்க டெல்லி செல்லும்போதெல்லாம் அங்கே சென்றிருக்கிறேன். அந்தப் புல்லைக் கடந்தும் நடந்திருப்பேன். யாருடையது என்று கேட்கத் தோன்றியதில்லை.

நேர்முகத்துக்கான அழைப்பு வந்தது. இரவுப் பேருந்துப் பயணம், நண்பகலுக்குமேல் தேர்வு. வறண்ட தொண்டையோடு எப்படிப் பேசுவாள்? பயணிக்குரிய சலுகையைக் கொள்ளப்போவதாகவும், பின்னர் கழாச் செய்துவிடுவதாகவும் அவளே சொன்னாள். என் முகம் மாறியதைக் கண்டாள். "நாடகத்துக்காக நோன்பை விடுகிறாய் என்றுதானே நினைக்கிறீர்கள்?" என்றாள். அதைத்தான் நினைத்தேன். வியாபாரத்துக்காகச் சூரத்துக்கும் ஈரோட்டுக்கும் சென்ற ரமலான்களில் நானும் அதே சலுகையைப் பலமுறை கொண்டவன். அப்போது எவரும் என்னைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இருவருமே இரண்டு நோன்புகளை விட்டோம்.

தரையில் அமர்ந்தெழ இடைஞ்சலில்லாத தளர்ந்த சுரிதாரும், நழுவாமல் ஊசிகுத்திய முக்காடுமாக உள்ளே சென்றாள். வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சுவரைப் பார்த்தபடி தத்தம் வசனங்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஏறத்தாழ அரைமணி நேரம் கழிந்தது.

திரும்பும் பேருந்தில்தான் முழுவதும் சொன்னாள். தேர்வாளர் எவர் கண்ணையும் பாராமல், அவர்கள் தலைக்குச் சற்று மேலே ஒரு புள்ளியில் ஔரங்கசீப்பை நிறுத்திப் பேசியிருக்கிறாள். முடித்ததும் அதே பகுதியை உரக்கப் பேசாமல், அடுத்த அறையில் நோயாளி உறங்குவதாக எண்ணிப் பேசச் சொன்னார்களாம். பேசினாள். பிறகு அவளே முந்திக்கொண்டு தன் எல்லைகளைச் சொல்லியிருக்கிறாள்: முக்காட்டை எடுக்கமாட்டேன், ஆண்களைத் தொட்டு நடிக்கமாட்டேன். ஒருவர், "அப்படியானால் உனக்குக் கிடைக்கும் பாத்திரங்கள் குறையுமே" என்றாராம். "குறையட்டும் ஐயா, எழுதவும் இயக்கவும் கற்றுக்கொள்வேன்" என்றாளாம். அவர் குறித்துக்கொண்டாரே தவிர, ஒன்றும் சொல்லவில்லை.

"கடைசியில் ஔரங்கசீப் பேசுவதைப் பேசிக்காட்டச் சொன்னார்கள் வாப்பா. அதை நான் தனியே பயின்றதே இல்லை."

"பிறகு?"

"நீங்கள் படித்துப் படித்து மனப்பாடம் ஆகியிருந்தது. நீங்கள் முதல்நாள் 'வேண்டாம்' என்றீர்களே, அந்தக் குரலில் பேசினேன்."

நான் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தன் குறும்புக்கு நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம்.

பெருநாள் கழிந்து, இடம் கிடைத்த செய்தி வந்தது. உடன்பாட்டின்படி முடிவு என் கையில். அவள் கேட்கவில்லை, அடுக்களையில் உம்மாவோடு மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என் அச்சமெல்லாம் அகன்றுவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். இன்றும் ஏதேனும் ஒரு திருமண வீட்டில் "மகள் என்ன படித்தாள்?" என்று எவரேனும் கேட்டால், விடைசொல்லுமுன் எனக்கு ஒரு நொடி பிடிக்கிறது.

விட்ட இரண்டு நோன்புகளையும் ஷவ்வாலில் சேர்ந்தே கழாச் செய்தோம். இரண்டாவது நோன்பு நாளே கட்டணம் செலுத்தக் கடைசி நாளாக அமைந்தது. கடையை இளையவனிடம் ஒப்படைத்துவிட்டு, செலான் தாளோடு வங்கி வரிசையில் நின்றேன். எனக்குமுன் பதினாறு பேர் இருந்தார்கள். தொண்டை வறண்டிருந்தது.