கேஸ் ஷீட்டில் சாதிக்கு இடமில்லை

வன்கொடுமை நடந்த ஊருக்குப் போனதும் நாங்கள் முதலில் செய்வது காகித வேலைதான். முதல் தகவல் அறிக்கையில் சரியான பிரிவுகள் போட்டிருக்கிறார்களா, சாதிச் சான்றிதழ் கையில் இருக்கிறதா, நிவாரணத்தின் முதல் தவணை வந்ததா என்று பார்ப்போம். வழக்கறிஞர் கிடைத்துவிடுவார், காயத்துக்கு மருந்து போட மருத்துவரும் கிடைப்பார். இரண்டு மாதம் கழித்து ஓர் அம்மா போன் செய்து, "பையன் ராத்திரியில தூங்க மாட்டேங்கிறான், பள்ளிக்கூடப் பேரைச் சொன்னாலே கை நடுங்குது" என்று சொல்லும்போதுதான், யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல் நிற்போம். மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவ உளவியலாளர் பணியிடம் இருக்கிறது. மாவட்டம் முழுவதற்கும் பொறுப்பான ஒருவர், ஒரு பையனுக்கு வாரம் ஒரு மணி நேரம் எங்கிருந்து ஒதுக்குவார்? பெங்களூரு நிமான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நோயைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை என்கிறது.

அப்படியானால் நம் பிள்ளைகளே இந்தப் படிப்பைப் படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் வளர்ந்த பெண் ஒருத்தி எம்.எஸ்சி. உளவியல் முடித்திருந்தாள். அந்தப் பட்டம் மட்டும் இருந்தால் மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமம் ஏற்ற தகுதி வேண்டும், அல்லது மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். முடித்திருக்க வேண்டும். இடங்களோ மிகக் குறைவு. எம்.ஃபில். பட்டத்தையே யு.ஜி.சி. 2022 விதிகளில் கைவிட்டுவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஏணியில் கால் வைக்கும் நேரத்தில் ஏணியை மாற்றுகிறார்கள். நமக்கு இது புதிதில்லை.

அந்த நுழைவுத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் போகும் பிள்ளைகளிடம் "எங்கே இன்டர்ன்ஷிப் செய்தாய்?" என்று கேட்கிறார்கள். இவள் விசாரித்த தனியார் மையம் ஒன்று, ஒரு மாத இன்டர்ன்ஷிப்புக்கு 15,000 ரூபாய் கேட்டது. வேலை செய்பவருக்குக் கூலி கொடுப்பதுதானே வழக்கம்? இங்கே வேலை செய்பவள் கூலி கொடுக்க வேண்டும். அவள் அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். 2025-26இல் இருந்த முழுக் கூலியான 336 ரூபாய் ஒரு நாளைக்குக் கிடைத்தாலும், அது 45 நாள் உழைப்பு. விடுதி, சாப்பாடு, பஸ் செலவெல்லாம் தனி. அங்கே முன்பே இன்டர்ன்ஷிப் முடித்த பெண்ணிடம் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டோம். பழைய கோப்புகளை அடுக்கினாளாம், நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்தாளாம். கடைசி நாள் சான்றிதழ் கொடுத்தார்களாம். கடைசியில் எங்கள் பெண், துறைத் தலைவரின் கடிதத்தோடு அரசு மருத்துவமனை ஒன்றில் ஆறு வாரம் உட்கார்ந்தாள். பணம் கேட்கவில்லை. நாற்காலியும் இல்லை, நின்றுகொண்டே பார்த்தாள். ஆனால் நோயாளிகளைப் பார்த்தாள்.

அங்கே அவள் கண்ட ஒன்றை நாங்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். நோயாளியின் வரலாற்றை எழுதும் கேஸ் ஷீட்டில் குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலைக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்பக் குப்புசாமி அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். குடும்பத் தலைவரின் கல்வி, தொழில், குடும்பத்தின் மாத வருமானம் ஆகிய மூன்றையும் கூட்டினால் ஒரு மதிப்பெண் வரும். சமூகவியல் படித்தவர்களுக்கு இந்த அளவுகோல் பழக்கமானதுதான். ஒரே வருமானமும் ஒரே படிப்பும் உள்ள இரண்டு பேரில் ஒருவர் ஊர்த்தெருவில் இருப்பார், இன்னொருவர் காலனியில் இருப்பார். அளவுகோலில் இருவருக்கும் ஒரே மதிப்பெண்தான்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். "கூடப் படிக்கிறவங்க என்னைக் கவனிச்சுக்கிட்டே இருக்காங்க, என்னமோ செய்யப் போறாங்க" என்று ஒரு பையன் சொல்கிறான். பாடப்புத்தகத்தில் துன்புறுத்தல் மருட்சி என்று ஓர் அறிகுறி உண்டு. ஆதாரமில்லாமல், எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அசையாத நம்பிக்கையைத்தான் அப்படிச் சொல்வார்கள். ஆதாரம் இருக்கிறதா இல்லையா என்பதை யார் முடிவு செய்வது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனின் வீட்டுக்குள் புகுந்து அவனையும் தங்கையையும் வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்கள். அந்த நாளுக்கு முன்பு அவன் ஓர் உளவியலாளர் முன் உட்கார்ந்திருந்தால் கேஸ் ஷீட்டில் என்ன எழுதியிருப்பார்கள்? ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர் ஒன்று எழுதியிருப்பார், கேட்கத் தெரியாதவர் இன்னொன்று எழுதியிருப்பார். கேட்கக் கற்றுக்கொள்ளும் இடம் இன்டர்ன்ஷிப்தான். அங்கே காலனியிலிருந்து வருகிற பிள்ளை நுழையவே முடியாவிட்டால் இந்தக் கேள்வியை யார் எழுப்புவார்?

ஆய்வுக்கும் இதே கதிதான். எம்.எஸ்சி. ஆய்வேட்டுக்கு, வன்கொடுமைக்கு ஆளான குடும்பங்களின் துயரத்தை எடுக்கப் போவதாக அவள் சொன்னாள். "சென்சிட்டிவான விஷயம்மா, அதுக்கு அளவுகோல் கிடையாது" என்றார் வழிகாட்டி. கல்லூரி மாணவர்களின் மொபைல் போன் பழக்கமும் சுயமதிப்பும் என்று ஒரு தலைப்பை அவரே கொடுத்தார். அதற்கு அளவுகோல் நிறைய இருக்கிறது. அளவுகோல் இல்லையென்றால் ஒன்றை உருவாக்குவதற்குத்தானே ஆய்வு? அவள் தலைப்பை வாங்கிக்கொண்டாள், பட்டமும் வாங்கினாள். அவளை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

ரோகித் வெமுலா 2016இல் இறந்தபோதும், பாயல் தட்வி 2019இல் இறந்தபோதும் எல்லோரும் கவுன்சலிங் கவுன்சலிங் என்றார்கள். அந்த நாற்காலியில் யார் உட்காருவார், அவரை யார் பயிற்றுவிப்பார், அவருக்குச் சோறு யார் போடுவார் என்பதுவரை பேச்சு போகவில்லை.

அவள் இப்போது நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறாள். அவளோடு இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ ஆறு வாரம் ஒரு பிள்ளை தங்குவதற்கு வீட்டில் இடம் கொடுக்கக்கூடிய தோழர்கள் சொல்லுங்கள். மருத்துவ உளவியல் படித்தவர்கள் இருந்தால், மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கேஸ் எழுதச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்றும் சொல்லுங்கள். பஸ் கட்டணத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.