ஆலாப்பின் நடுவே எழுந்து போகிறவர்கள்

கொல்கத்தாவின் டோவர் லேன் இசை மாநாடு 1952இல் தொடங்கியது. வழக்கமாகச் சனவரிக் குளிரில், நஸ்ருல் மஞ்ச் அரங்கில் இரவில் தொடங்கும் கச்சேரி விடியும்வரை நீளும். நள்ளிரவுக்குரிய ராகங்களை நள்ளிரவிலேயே கேட்கக் கிடைக்கும் மேடைகள் இந்தியாவில் அருகிவிட்ட நிலையில், இத்தகைய இரவுகளுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆயினும் அங்கு வருவோரில் ஒரு சாரார் எந்த ராகத்தையும் முழுதாகக் கேட்பதில்லை. ஒரு மணி நேரம் கடந்ததும் அருகிலிருப்போரின் முழங்கால்களைத் தாண்டி, குனிந்தபடி வாயிலை நோக்கி நடப்பார்கள். குளிரில் நின்று ஒரு சிகரெட்டை முடித்துவிட்டுத் திரும்புகையில் ஆலாப் முடிந்து தாளம் சேர்ந்திருக்கும்.

அவ்வாறு பல ஆண்டுகள் எழுந்து போனவர்களுள் ஒருவர், ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர். தர்பாரியில் பாடகர் மந்திர ஸ்தாயியில் நெடுநேரம் உழன்று, ஒவ்வொரு ஸ்வரமாக ஏறி, கடைசியில் மேல் ஸட்ஜத்தைத் தொடும் கணம் ஒன்று உண்டு. அதற்காகவே அரங்கம் காத்திருக்கும். அந்தக் கணத்தை அவர் பெரும்பாலும் சுவருக்கு அப்பாலிருந்து, மற்றவர்களின் ‘வாஹ்’ ஒலியாக மட்டுமே அறிந்திருந்தார். இதை ரசனைக் குறைவு என்பது பிழை. இரத்தத்திலுள்ள நிகோடினின் அளவு ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. நாள்தோறும் ஒரு பெட்டி புகைப்பவருக்கு அதற்கு வெகு முன்பே எரிச்சலும் கவனச்சிதறலும் தலைகாட்டிவிடும். கவனம் ஒன்றையே மூலதனமாகக் கோரும் கலையின் முன் அவர் கவனமிழந்து அமர்ந்திருக்கிறார்.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருள்கள் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. 2008 அக்டோபர் 2 அன்று நடைமுறைக்கு வந்த விதிகள் திறந்தவெளி அரங்கையும் விளையாட்டு மைதானத்தையும்கூட அந்த வரையறைக்குள் கொண்டுவந்தன. மீறுவோருக்கு 200 ரூபாய்வரை அபராதம். ஆகவே மைதானத்தில் நடக்கும் ராக் கச்சேரிக்குப் போகிறவரும் ‘இது திறந்தவெளிதானே’ என்று வாதாட இயலாது. மின் சிகரெட்டுக்கு இடமே இல்லை. அதன் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் அனைத்தும் 2019 முதல் தண்டனைக்குரிய குற்றங்கள். பக்கத்து இருக்கைக்காரரின் நுரையீரலைக் காப்பதில் இச்சட்டங்களின் நியாயம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. எனினும் அவை அறையைத் தூய்மையாக்கியதோடு நின்றுவிட்டன. அறைக்குள் அமர்ந்திருக்கும் அடிமைப்பட்டவர் அந்த நான்கு மணி நேரத்தை எவ்வாறு கடப்பது என்பதை அவரிடமே விட்டுவிட்டன.

இந்தக் கேள்வி வேறோர் அடைபட்ட இடத்தில் முன்பே எழுந்ததுண்டு. 1967இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளேஸ் லுண்ட்கிரேன், மருந்து ஆய்வாளர் ஓவே ஃபெர்னோவுக்கு ஒரு செய்தியைத் தெரிவித்தார். நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத நேரங்களில் மாலுமிகள் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதே அது. புகையும் வேண்டாம், புகையிலையும் வேண்டாம், நிகோடினை மட்டும் வாய்வழியே தர இயலுமா என்ற தேடலிலிருந்து நிகோடின் சூயிங்கம் பிறந்தது. 1978இல் சுவிட்சர்லாந்தில் முதல் அனுமதி பெற்றது. எழுந்து வெளியே போக வழியில்லாதவர்களுக்காகத் தோன்றிய பொருள் என்பதால், கச்சேரி அரங்கு அதற்கு அந்நியமான இடமன்று.

ஆனால் சுவீடனில் நேர்ந்ததை அப்படியே இந்தியாவுக்குப் பெயர்த்து வைக்க முடியாது. ‘புகையற்றது’ என்னும் சொல்லுக்கு இங்கே வேறொரு குடியிருப்பாளர் ஏற்கெனவே இருக்கிறார். 2016-17ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் புகைப்பவர்கள் 10.7 விழுக்காடு, கைனி, குட்கா, ஜர்தா போன்ற புகையில்லாப் புகையிலையைப் பயன்படுத்துவோர் 21.4 விழுக்காடு, அதாவது இரு மடங்கு. இந்நாட்டின் வாய்ப் புற்றுநோய்ச் சுமையில் பெரும்பங்கு அங்கிருந்தே வருகிறது. வேதியியல் ஆசிரியருக்கு முதலில் கிடைத்த மாற்றும் இதுதான்: பக்கத்து இருக்கைக்காரர் அன்போடு உள்ளங்கையில் தேய்த்து நீட்டிய ஒரு சிட்டிகை கைனி. ராகத்தின் நடுப்பகுதி கிடைத்தது; விலை யாதென அவர் அறியாதவரல்லர். நிகோடின் அடிமைப்படுத்தும், புற்றுநோய்க்குக் காரணமானவை பெரும்பாலும் புகையிலும் புகையிலையிலும் உள்ள நைட்ரோசமைன் போன்ற பிற சேர்மங்கள். புகையின்மையைவிடப் புகையிலையின்மையே இங்கு அளவுகோலாக வேண்டும்.

பின்னர் அவர் சூயிங்கத்துக்கு வந்தார். முதல் இரவு தோல்வி. மிட்டாய்போல் விடாது மென்றதில் விக்கலும் நெஞ்செரிச்சலும் மிஞ்சின. இடையிடையே குடித்த காப்பி மீதியைக் கெடுத்தது. காப்பி, குளிர்பானம் முதலியவற்றின் அமிலத்தன்மை வாயின் உட்தோல் வழியே நிகோடின் ஊறுவதைத் தடுக்கும். கால் மணி நேரம் முன்பிருந்தே அவற்றைத் தவிர்த்து, காரம் நாவில் ஏறும்வரை மெல்ல மென்று, பின் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியதும் மீண்டும் மெல்ல வேண்டும். சிகரெட்டின் நிகோடின் சில நொடிகளில் மூளையை எட்டும். சூயிங்கத்துக்கு ஏறத்தாழ அரை மணி நேரம். ஆகவே தவிப்பு வந்தபின் வாயில் இடுவது காலங்கடந்த செயல். தம்பூரா சுருதி சேர்க்கும்போதே தொடங்கிவிட வேண்டும். காலையிலேயே தோலில் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் அடித்தளம் சீராக இருக்கும். இரண்டையும் இணைத்துப் பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிடப் பயன் தருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. இதய நோயாளிகளும் கருவுற்றோரும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கலாகாது.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது எளிதில் தள்ளத்தக்கதன்று. கச்சேரியைக் கடக்க மட்டும் சூயிங்கம், விடிந்ததும் சிகரெட் என்றால், அடிமைத்தனத்துக்கு வசதி செய்து கொடுத்ததாகாதா? அமெரிக்கச் சிகரெட் நிறுவனங்கள் புகையில்லாப் புகையிலையை ‘புகைக்க இயலாத இடங்களுக்கான துணை’ என்றே விற்க முனைந்தன. சிகரெட்டை விட்டுவிடாமல் வைத்திருப்பதற்கான உத்தி அது. கொல்கத்தாவில் இந்த ஐயம் கூடுதல் சுவை பெறுகிறது. 1910இல் அந்நகரில் இம்பீரியல் புகையிலைக் கம்பெனியாகத் தோன்றிய ஐடிசி நிறுவனமே இந்துஸ்தானி இசைக்கென ஓர் ஆய்வுக்கழகத்தை அங்கு நடத்திவருகிறது. பாடகரையும் வாயிலில் நிற்கும் ரசிகரையும் ஒரே தொழில் பேணியது என்று சொல்லலாம், சற்றுக் கசப்போடு. ஆனாலும் சூயிங்கத்தை அந்த வரிசையில் வைப்பது நியாயமன்று. நிகோடின் மாற்று மருந்துகள் 2009 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும், 2022இல் இந்தியப் பட்டியலிலும் இடம்பெற்றவை. விட முயல்வோரின் வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்துபவை. ஒரு முழு இரவைச் சிகரெட் இன்றிக் கடந்தவருக்கு, அது இயலும் என்பதற்கான சான்று தம் உடலிலேயே கிடைக்கிறது. அந்தச் சான்றை அவர் மறுநாள் பயன்படுத்துவாரா என்பது வேறு கேள்வி. ஆசிரியர் இன்றும் புகைக்கிறார், முன்னைவிடக் குறைவாக.

எஞ்சியிருப்பது மிகச் சிறிய காரியம். நள்ளிரவில் மருந்துக்கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். சிகரெட்டும் கைனியும் விற்கும் பெட்டிக்கடை கூட்டம் உள்ளவரை விழித்திருக்கும். 2 மில்லிகிராம் சூயிங்கத்துக்கு மருந்துச் சீட்டு தேவையில்லை. அரங்கின் முதலுதவி மேசையில், தலைவலி மாத்திரைகளுக்குப் பக்கத்தில், அதற்கும் ஒரு சிறு இடம் ஒதுக்கலாம். எவ்வாறு மெல்ல வேண்டும் என்பதை வங்காளத்திலும் இந்தியிலும் எழுதிய ஒரு துண்டுத்தாளோடு.