ஆஸ்லோ நகரத்துப் பனிக்காடு

நார்வே நாட்டின் தலைநகரம் ஆஸ்லோ. அதன் தெற்கே கடல். மற்றைத் திசைகளிலெல்லாம் காடு. இக்காட்டை அந்நகர மக்கள் 'மார்க்கா' என்று அன்போடு அழைக்கின்றனர். நகருக்கு வடக்கே உள்ள பெரும்பகுதிக்கு 'நூர்மார்க்கா' என்று பெயர். பூங்கா என்றவுடன் வேலியும் வாயிற்கதவும் நுழைவுச் சீட்டும் நம் நினைவுக்கு வரும். இங்கே அவற்றுள் ஒன்றும் இல்லை. ஊசியிலை மரங்களும் ஏரிகளும் குன்றுகளும் நிறைந்து, சுமார் 1,700 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் இக்காடு, நகர மக்கள் அனைவர்க்கும் பொதுவான முற்றமாக விளங்குகிறது.

கோடையில் நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் இங்கு மிகுதி. ஆயினும் இதன் தனிச்சிறப்பைக் காண வேண்டுமானால் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமையிலேதான் காண வேண்டும். பாட்டனும் பேரனும், அண்டை வீட்டாரும் அலுவலகத் தோழரும் கூட்டம் கூட்டமாகப் பனிமீது சறுக்கிச் செல்லும் காட்சி, வெண்பட்டு விரிப்பில் வண்ண மணிகளைச் சிந்தியது போலிருக்கும்.

பலகையும் மெழுகும்

சறுக்கு பலகைக்கு 'ஸ்கீ' என்று பெயர். பழைய நார்வே மொழியில் பிளந்த மரத்துண்டு என்பது அச்சொல்லின் பொருள். மலையுச்சியிலிருந்து அம்புபோல் பாய்ந்து இறங்கும் ஸ்கீ விளையாட்டை நாம் திரைப்படங்களில் கண்டிருக்கிறோம். ஈண்டு நாம் பேசுவது அதுவன்று. இது நடைக்கு உறவான வேறொரு வகை. மேட்டிலும் பள்ளத்திலும் சமவெளியிலும் தன் கால்வலியாலேயே செல்வது.

இதற்குரிய பலகை நீண்டு குறுகியது. காலணியின் முன்நுனி மட்டுமே அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும். குதிகால் எழும்பித் தாழும். இரு கைகளிலும் ஊன்றுகோல்கள். பலகையின் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருப்பதில்தான் நுட்பம் அடங்கியுள்ளது. ஒரு காலை அழுத்தி உந்தும்போது நடுப்பகுதி பனியைத் தொட்டுப் பற்றிக்கொள்ளும். அழுத்தம் நீங்கியதும் மேலெழும்பிப் பலகையை வழுக்க விடும். பற்றுவதற்காக அவ்விடத்தில் ஒருவகை மெழுகைப் பூசுவர். கடுங்குளிருக்குக் கெட்டியான மெழுகு. பனி இளகும் நாளுக்குப் பிசுபிசுப்பான மெழுகு. இன்று எதைப் பூசுவது என்பது காலையில் வீடுதோறும் நிகழும் பெரிய ஆராய்ச்சி! மெழுகு வேண்டாத பலகைகளும் இக்காலத்தில் உண்டு. செங்குத்தான மேட்டில் பலகைகளை இருபுறமும் விரித்து வைத்து ஏறுவர். பனியில் பதியும் அச்சுவடு மீன்முள்ளைப் போலிருப்பதால் அந்நடைக்கும் அப்பெயரையே இட்டிருக்கின்றனர்.

காட்டுக்குச் செல்லும் ரயில்

ரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது அக்காட்டுக்குச் செல்லும் ரயிலே. 1898இல் நகரிலிருந்து ஹோல்மென்கொல்லன் குன்றுப் பக்கம் மின்சார ரயில் விடப்பட்டது. 1916இல் அது மேலும் உயரே நீண்டது. இன்று அது நகர ரயிலின் முதலாம் எண் தடம். அதன் கடைசி நிலையமாகிய புரோக்னர்செத்தரன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 470 மீட்டர் உயரத்தில் உள்ளது. நகரில் தூறல் விழும் நாளிலும் மேலே பனி கொட்டிக் கிடப்பதுண்டு. பலகைகளைத் தோளில் சாய்த்தபடி ஏறுவோரை எவரும் தடுப்பதில்லை.

1973இல் எண்ணெய்த் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வார இறுதியில் கார் ஓட்டுவதை அரசு தடை செய்தது. அப்போது மன்னர் ஐந்தாம் உலாவ், பனி உடை அணிந்து, பலகைகளுடன் இந்த ரயிலிலேயே ஏறிக் காட்டுக்குச் சென்றார். அவர் பயணக் கட்டணம் செலுத்த முற்படும் புகைப்படத்தை இன்றும் அந்நாட்டார் பெருமையுடன் போற்றுகின்றனர். சட்டம் அனைவருக்கும் ஒன்றே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

புரோக்னர்செத்தரனில் இறங்கி, காட்டின் நடுவே உள்ள உள்ளவால்செத்தர் என்னும் விடுதியை அடைந்து, அங்கிருந்து சோங்ஸ்வான் ஏரிப் பக்கம் இறங்குவது பலரும் விரும்பும் வழி. அந்த ஏரியருகே மற்றொரு தடத்தின் கடைசி நிலையம் உள்ளது. ஒரு முனையில் இறங்கி மறுமுனையில் ஏறி வீடு திரும்பலாம்.

கூடிச் செல்லும் முறை

பனித்தடம் தானே அமைவதன்று. 1883இல் தோன்றிய ஸ்கீ வளர்ச்சிச் சங்கமும் நகராட்சியும் இயந்திரங்களைக் கொண்டு பனியை அழுத்தி, இரு பலகைகளும் பொருந்தும்படி இணை வாய்க்கால்கள் இடுகின்றன. குளிர்காலத் தடத்துக்குச் சிவப்புக் குறி. கோடை நடைபாதைக்கு நீலக் குறி. டிசம்பர் மாதத்தில் பிற்பகல் மூன்றேகால் மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவதால், சில தடங்களில் விளக்குகளும் உண்டு. வேலை முடிந்து வருவோர் இரவிலும் அங்கே சறுக்குகின்றனர்.

தடத்தில் வலப்பக்கமே செல்ல வேண்டும்; நிற்க விரும்புவோர் தடத்தைவிட்டு விலகி நிற்க வேண்டும். கைக்குழந்தைகளைச் சிறு சறுக்குவண்டியில் இருத்திப் பெற்றோர் இழுத்துச் செல்வர். பையில் ரொட்டிப் பொட்டலமும் ஆரஞ்சுப் பழமும் வெந்நீர்க் குடுவையில் கொக்கோவும் இருக்கும். நம் கட்டுச்சோறு அங்கே அவ்வுருவம் எடுத்திருக்கிறது! வெளியில் செல்வோர்க்கு அந்நாட்டார் வகுத்த மலைநெறிகளுள் ஒன்று, காலத்தோடு திரும்புவதில் இழிவு ஏதுமில்லை என்பது. குழுவுக்கு இது பொன்மொழி. வலியவன் ஓட்டத்துக்கு மெலியவனை இழுக்காமல், மெலியவன் நடைக்கு வலியவன் காத்திருப்பதே கூடிச் செல்வதன் பயன்.

புதியவர்களும் பனியும்

ஆயிரக்கணக்கான ஈழத் தமிழர் நார்வேயில் குடியேறி வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே அங்கு சென்ற கம்சாயினி குணரத்தினம் 2015இல் ஆஸ்லோவின் துணை மேயரானார் என்பது தமிழர் அனைவரும் மகிழத்தக்க செய்தி. பனியே காணாத நாட்டிலிருந்து வந்தவர்க்கு இந்த ஸ்கீ வெறும் விளையாட்டன்று. பள்ளிக்கூடங்களில் பனிச்சறுக்கு நாள் வைக்கின்றனர். மற்றப் பிள்ளைகள் தாயின் மடியிலிருந்தே பழகியவர்கள். பலகையும் காலணியும் உடையும் வாங்க ஆகும் செலவோ பெரிது. அன்று ஒதுங்கி நிற்கும் பிள்ளை, தான் இந்த ஊர்ப் பிள்ளையல்ல என்று எண்ணத் தொடங்கினால் அந்தப் புண் எளிதில் ஆறாது.

இதனை அந்நாட்டார் உணர்ந்துள்ளனர். 'பூவா' என்னும் அமைப்பின் வழியாகப் பலகை முதலியவற்றை இலவசமாக இரவல் பெறலாம். நார்வே மலைநடைச் சங்கம் ஆண்டுக்கு இருமுறை 'வெளியே வாருங்கள்' என்னும் நாளை நடத்தி, செலவின்றி அனைவரையும் அழைக்கின்றது. விழுந்தவனைத் தூக்கிவிடும் கை எந்த நாட்டுக் கையாயினும் அது உறவின் கையே.

காவலும் கவலையும்

இவ்வளவு பெரிய நிலம் வீடுகட்டுவோர் கண்ணில் படாமல் இருக்குமா? நகரம் பெருகப் பெருகக் காட்டின் விளிம்பு தேயும் என்ற அச்சம் எழுந்தது. அதனால் 2009இல் மார்க்காவுக்கென்றே தனிச் சட்டம் இயற்றி, எல்லை வகுத்து, அதற்குள் கட்டடம் எழுப்புவதைக் கட்டுப்படுத்தினர். ஆஸ்லோவின் குடிநீரில் பெரும்பகுதியை அளிக்கும் மாரிடால் ஏரியும் இக்காட்டின் ஓரத்திலேயே உள்ளது. ஆனால் சட்டத்தால் தடுக்க முடியாத பகையும் ஒன்று உண்டு. உலகம் வெப்பமடைவதால் பனிக்காலம் சுருங்கி வருகிறது. சில இடங்களில் இயந்திரத்தால் பனி செய்து தூவுகின்றனர்.

நமக்குப் பனி இல்லை. ஆனால் காடு உண்டு. மும்பையில் வாழும் நமக்குப் போரிவலி ரயில் நிலையத்தின் அருகிலேயே நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும், அதனுள் கன்ஹேரிக் குகைகளும் உள்ளன. இரண்டு அறை வீட்டில் வளரும் நம் பிள்ளைகள், வாழும் ஊரின் மண்ணைக் காலால் அறிய வேண்டாமா? மழை நின்ற பின், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சங்கத்துக் குடும்பங்கள் கட்டுச்சோற்றுடன் அங்குக் கூடி நடக்கலாம். அண்டை வீட்டு மராத்தியரையும் குஜராத்தியரையும் உடன் அழைக்கலாம். நடந்து பழகிய காட்டை எவரும் எளிதில் இழக்க இசையமாட்டார். கூடி நடந்த ஊரில் எவரும் நெடுநாள் அயலாராக இருப்பதில்லை.