உடம்பு வந்திட்டுது மச்சான்

எங்கட போர்டிங்கில அஞ்சு பேர். ஒரே நாளில ஜிம்மில சேர்ந்தம். மூன்று மாதத்தில் நாலு பேருக்கு ஒரு மாற்றமும் இல்லை, ஒருத்தனுக்கு மட்டும் சேர்ட் இறுகியது. "உடம்பு வந்திட்டுது மச்சான்" என்று படம் எடுத்துப் போட்டது நாங்கள்தான். ஜிம்மில ஒருத்தர் குடுத்த ஊசியைப் போட்டு வந்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஊசியில இருந்தது செயற்கை டெஸ்டோஸ்டெரோன். ஆண்களின் விதைகள் சுரக்கிற அதே ஓமோன். அது வெளியிலிருந்து அளவுக்கு மிஞ்சி வந்தால், மூளைக்கடியில் இருக்கிற கபச்சுரப்பி விதைகளுக்குக் கட்டளை அனுப்புவதை நிறுத்திவிடும். தசை பெருக்கும், விதை சுருங்கும், விந்தணு குறையும். வந்ததில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறி மார்பை வீங்க வைக்கலாம். நல்ல கொலஸ்ட்ரோல் இறங்கும், இதயச் சுவர் தடிக்கும். இதயமும் தசைதானே.

1988 சியோல் ஒலிம்பிக்கில் பென் ஜோன்சன் 100 மீற்றரை 9.79 செக்கனில் ஓடினார். சிறுநீரில் ஸ்டனோசோலோல் பிடிபட, சில நாளிலேயே பதக்கம் போனது. அவர் ஓடியது உலகத்துக்கு முன்னால. இவன் ஊசி போட்டது எங்கள் நாலு பேரின் வாய்ச்சொல்லுக்கு.

ஊசியை விட்டதும் சோர்ந்துபோய்க் கட்டிலிலேயே கிடந்தான். சொந்தச் சுரப்பு திரும்ப மாதக்கணக்காகும் என்றார் டொக்டர். இப்ப அவனைக் கண்டால் "மெலிஞ்சிட்டாய்" என்று வாய்வரை வருது. விழுங்கிப்போட்டு, "வா, தேத்தண்ணி குடிப்பம்" என்கிறம்.