ரோலில் முதல் ரெண்டு படம்

பெரியப்பாவின் யாஷிகா கெமரா பல வருஷம் அரிசி வாளிக்குள்தான் இருந்தது. ஹட்டன் பக்கத்துப் பனிக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடித்துவிடும், அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோறாக்க வரும் அப்பாயி கெமராவை வெளியே எடுத்து வைத்து, அரிசியை அளந்துகொண்டு, திரும்பவும் புதைத்து வைப்பாராம்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. சம்பளத்தில் மிஞ்சியதெல்லாம் பஸ்ஸுக்கும் பிலிமுக்கும் போனது. டெவன் அருவி, ஹோர்டன் சமவெளி, சீசன் தவறாமல் சிவனொளிபாதமலை. 2002இல் ஏ9 பாதை திறந்ததும் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய் ஒரே நாளில் ரெண்டு ரோல் முடித்திருக்கிறார். ஒரு ரோலில் 36 படம். பிலிம் கழுவ ஹட்டன் டவுனில் கொடுத்துவிட்டு, எது விழுந்தது, எது விழவில்லை என்று தெரியாமல் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டால் எங்களுக்குச் சிரிப்புதான் வரும். நாங்கள் ஒரு ரொட்டியையே பத்துப் படம் எடுக்கிற ஆட்கள்.

ஒருமுறை எங்களைப் பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். ஜூலியா மார்கரெட் கேமரனின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. 48 வயதில் மகள் கொடுத்த கெமராவில் தொடங்கி, இங்கிலாந்தில் டெனிசன், டார்வின் எல்லாரையும் படமெடுத்த பெண். குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இந்த மலைநாட்டிலேயே இறந்துபோனார். அந்தக் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் எடுத்துக் கழுவிவிட வேண்டும். களுத்துறையில் தன்னைச் சுற்றியிருந்த கூலி ஆட்களை, கிராமத்து ஆட்களை அப்படி எடுத்திருக்கிறார். அழகான படங்கள். அவரைப் பார்க்க வந்த ஓவியர் மரியன் நோர்த்தின் படத்தில் பெயர் இருக்கிறது. கூலி ஆட்கள் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். “பேரு கேட்டிருக்கலாம்ல,” என்றாள் தங்கச்சி. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை, கல்லறையை ரெண்டு பக்கமிருந்தும் எடுத்தார்.

அப்பாயி கொழுந்தெடுத்த மலை மெயின் ரோட்டோரம். வேன்கள் நிற்கும், வெள்ளைக்காரர்கள் இறங்குவார்கள், கூடையோடு நிற்கச் சொல்வார்கள். அப்பாயி எந்தெந்த நாட்டு அல்பத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாரோ! 2008இல் அவர் செத்தபோது மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. அடையாள அட்டையில் இருந்ததைத்தான் ஸ்டுடியோவில் பெரிதாக்கினார்கள். முகம் கரைந்து, யாரோ ஒரு அம்மா மாதிரி. இருபத்து நாலு வருஷமாகப் படமெடுத்த மகன் இருந்த வீடு அது. “வீட்ல இருக்கவங்கள எதுக்கு எடுக்கணும்னு நெனச்சேன், நாளைக்கும் இருப்பாங்கதானே,” என்று பெரியப்பா ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். பிறகு டிஜிட்டல் வாங்கி வீட்டில் எல்லாரையும், நாயைக்கூட, ஆயிரக்கணக்கில் எடுத்தார். கொம்பியூட்டரின் ஹார்ட் டிஸ்க் போனதோடு அதுவும் போச்சு.

இந்தக் கெம்பஸ் லீவில் நாங்கள் அவருடைய பழைய நெகட்டிவ்களை எடுத்தோம். ஸ்கேனர் எல்லாம் தேவையில்லை. ஒரு போனில் வெள்ளைத் திரையை வைத்து, அதன் மேல் நெகட்டிவைப் பிடித்து, இன்னொரு போனில் எடுத்து நிறத்தைத் திருப்பினால் படம் வந்துவிடும். பாதி நெகட்டிவ் பனிக்கு ஒட்டிப்போயிருந்தது. உரிக்கும்போது தங்கச்சி ரோலின் ஓரத்தைக் காட்டினாள். ஒன்றாம் நம்பருக்கு முன்னால் இன்னும் ரெண்டு படம்.

பிலிம் மாட்டும்போது முனையில் வெளிச்சம் பட்டுவிடும். அதைத் தாண்ட ரெண்டு தடவை சும்மா அடிக்க வேண்டும். அந்தப் படங்களை ஸ்டுடியோவில் பிரிண்ட் போட மாட்டார்கள். பெரியப்பா பயணம் கிளம்பும் விடியற்காலையில் இஸ்தோப்பில் நின்றுதான் பிலிம் மாட்டுவார். எதிரில் யாரோ அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவருவார்கள்.

ஒரு ரோலில் அப்பாயியின் கையும் கோப்பையும். இன்னொன்றில் வாசலைக் கூட்டுகிற முதுகு. ஏழாவது ரோலில் முகம். இடது பாதி எரிந்து வெள்ளையாகிவிட்டது, வலது பாதியில் அப்பாயி கெமராவைப் பார்த்து எதையோ திட்டுகிறார். போட்டோவுக்கென்று வைத்துக்கொண்ட முகமில்லை அது.

எரிந்த பாதியை இப்போது செயலியில் நிரப்பிக்கொள்ளலாம் என்றாள் தங்கச்சி. ஒரு நாள் முழுக்க நாங்கள் சண்டை. கடைசியில் போனைப் பெரியப்பாவிடமே கொடுத்தோம். கண்ணில் புரை, ரொம்ப நேரம் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“வேஸ்ட் படம்னுல்ல நெனச்சேன்,” என்றார். பிறகு, “நேரமாச்சு, பஸ்ஸ விட்ருவன்னு ஏசுது.”

நிரப்பவில்லை. அப்படியே பிரிண்ட் போட்டோம். பெட்டியில் இன்னும் பதினோரு உறை பாக்கி.