ஆம்பியர் கணக்கு

ராயப்பன்பட்டியில் பன்னீர் திராட்சை ஏற்றுகிற வண்டிகளுக்கு வயரிங் பார்த்துப் பழகியவன் நான். இப்போது படுக்கை, ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் வைத்து வேனைக் கேரவனாக மாற்றித் தரச் சொல்லியும் வருகிறார்கள். 2021-இல் கேரளம் கேரவன் சுற்றுலாக் கொள்கை அறிவித்த பிறகு, குமுளி ஏறி வாகமண் பக்கம் தங்கிவர ஆசைப்படுகிறவர்கள் அவர்கள். "அண்ணே, பேட்டரில எவ்வளவு இருக்குன்னு எப்படிப் பாக்குறது?" என்பதுதான் முதல் கேள்வி.

வோல்ட் காட்டும் சின்ன மீட்டரே போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. நிறைந்த ஈய அமில பேட்டரி 12.7 வோல்ட், பாதி தீர்ந்தால் ஏறக்குறைய 12.2. இது சில மணி நேரம் சும்மா கிடந்த பேட்டரிக்குப் பொருந்தும் அளவு. ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் ஓடினால் வோல்ட் சரியும், நின்றால் ஏறும். அதை வைத்து என்ன முடிவெடுப்பது? லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் இன்னும் கஷ்டம்: முக்கால்வாசி இருப்பதற்கும் பாதிக்குக் கீழே போனதற்கும் கால் வோல்ட் வித்தியாசம்கூட இருக்காது.

ஆகவே ஷன்ட் வைத்த மானிட்டரைத்தான் வாங்கச் சொல்வேன். ஷன்ட் என்பது மின்தடை மிகக் குறைந்த உலோகப் பட்டை. 500 ஆம்பியர் பாய்ந்தால் அதன் இரு முனைக்கும் இடையே 50 மில்லிவோல்ட் வரும். அந்தச் சொற்ப வித்தியாசத்தை அளந்தபடியே, பேட்டரிக்குள் வந்ததையும் வெளியே போனதையும் மானிட்டர் கூட்டிக் கழிக்கிறது.

மாட்டுவதில் கவனம் வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஷன்ட்டுக்குப் போகும் ஒரே கேபிள்தான் இருக்கலாம். இன்வெர்ட்டர், சோலார் கண்ட்ரோலர், டைனமோ சார்ஜர், பாடி எர்த் எல்லாம் ஷன்ட்டின் மறுபக்கம். பாட்டுப் பெட்டியின் வயரை யாராவது நேரே முனையில் மாட்டினால், அது குடிக்கும் கரண்ட் கணக்கில் ஏறாது. திரையில் 80 சதவீதம் நிற்கும்போதே பேட்டரி காலியாகியிருக்கும். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியாகப் போட்டு, டிசி கிளாம்ப் மீட்டரும் திரையும் ஒரே ஆம்பியரைக் காட்டுகின்றனவா என்று பார்ப்பேன். இரண்டும் ஒத்து நிற்பதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுக்காத சந்தோஷம்.

பேட்டரியின் ஆம்பியர்-அவரையும் பியூகெர்ட் எண்ணையும் நாமே மாற்றி வைக்க முடிகிற மானிட்டராகப் பாருங்கள். வேகமாக உறிஞ்சினால் ஈய பேட்டரி குறைவாகவே தரும் என்பதை 1897-இல் கணக்காக்கியவர் ஜெர்மானியரான பியூகெர்ட். 5 ஆம்பியரில் 20 மணி நேரம் தாங்கும் பேட்டரியில் 50 ஆம்பியர் இழுத்தால் இரண்டு மணி நேரம் வராது. ஒன்றேகால் மணி நேரத்திலேயே படுத்துவிடலாம்.

சிறு சிறு அளவுப் பிழைகள் நாள்பட நாள்படச் சேரும். பேட்டரி முழுக்க நிறையும்போதுதான் மானிட்டர் தன்னை 100-க்குத் திருத்திக்கொள்கிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கு மழை மறைவில் கிடப்பதால் ஜூன், ஜூலையில் காற்றடித்தாலும் வெயில் கிடைக்கும். குமுளி தாண்டினால் அதே மாதங்களில் மேகம் கலையாது, சோலாரால் பேட்டரி நிறையாது. அங்கே நாலைந்து நாள் தங்குகிறவர்கள், கரண்ட் வசதி உள்ள இடமாகப் பார்த்து ஒரு ராத்திரி சார்ஜரைச் சொருகி முழுசாக நிரப்பிவிடுங்கள். பிறகு திரை சொல்லும் சதவீதத்தை நம்பலாம்.